‘ஃபிட்’ என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்: எல்லைத் தடுப்பு மைய நர்ஸுக்கு ஒரு மருத்துவரின் பதில்

வாசகி ஒருவரின் நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறோம். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டோம். வயது 29. நர்ஸிங் முடித்து வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர். அனுமதியில்லாமல் எல்லையைக் கடந்து பிடிபடுபவர்களை முதலில் கொண்டுவந்து வைக்கும் மையத்தில் இப்போது ஒப்பந்தப் பணியில் இருக்கிறார். தகரக் கூரை, சிமென்ட் தரை, இரவு முழுக்க அணையாத விளக்கு. மூன்று நாளுக்கு மேல் யாரையும் வைக்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. இரண்டு வாரமாக இருப்பவர்களும் உண்டு. ஒரு ஷிஃப்ட்டுக்கு இரண்டு நர்ஸ்கள். டாக்டர் போனில் மட்டும்.

அண்மையில் நடந்த இரண்டு விஷயங்கள் அவருடைய தூக்கத்தைக் கெடுத்திருக்கின்றன. உள்ளே வரும்போது ஓர் இளைஞரின் பையை வாங்கி வைத்துவிட்டார்கள். பைக்குள் மாத்திரைகள் இருந்தன. மறுநாள் இரவு அவருக்கு வலிப்பு வந்தது. அடுத்து, நாலு வயதுக் குழந்தை ஒன்று காய்ச்சலோடு தரையில் படுத்திருக்க, ‘தங்கவைக்க ஃபிட்’ என்ற படிவத்தில் கையெழுத்துப் போடும்படி மேற்பார்வையாளர் சொன்னார். இவரும் போட்டுவிட்டார். குழந்தை தேறிவிட்டது, ஆனாலும் மனம் ஆறவில்லை.

கடிதத்தில் உள்ள கேள்விகள்: வருபவர்கள் எல்லோருக்கும் முதலில் டி.பி., ஹெச்.ஐ.வி. சோதனை செய்துவிட்டால் எல்லோருக்கும் பாதுகாப்புதானே? பட்டினியோடு வருபவர்களுக்கு வயிறார உணவு கொடுக்கச் சொல்லிக் கேட்கிறேன், சரியா? அந்தக் கையெழுத்து வெறும் சம்பிரதாயம்தானா? காவலர் பக்கத்திலேயே நிற்கும்போது எப்படிப் பரிசோதிப்பது? பதினாறு வயது என்று சொல்லும் பையனின் வயதைக் கணிக்க, மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்களே? இவர்களுக்கு உதவியதற்காக என்மேல் வழக்கு வருமா? வேலையை விட்டுவிடலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

சோதனை பற்றிய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றவற்றில் நீங்கள் தடுமாறுவதற்கும் இதுதான் வேர். எல்லை தாண்டி வருபவர் நோயைக் கொண்டுவருகிறார், அதைத் தடுப்பதே நம் முதல் வேலை என்ற எண்ணம் உங்கள் மையத்தில் ஊறிப்போயிருக்கிறது. உங்கள் கடிதத்திலும் அதன் சாயல் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2019 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, புலம்பெயர்ந்து வருபவர்களிடமிருந்து உள்ளூர் மக்களுக்குத் தொற்று பரவும் ஆபத்து மிகக் குறைவு என்கிறது. ஆபத்து வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, அவர்கள் வந்த வழி. இன்னொன்று, நாம் அவர்களை அடைத்துவைக்கும் விதம். சிரங்கு, தட்டம்மை, ஃப்ளூ, வயிற்றுப்போக்கு எல்லாம் நெருக்கித் தள்ளிய அறையில்தான் தலைவிரித்தாடும்.

அதனால் எல்லோருக்கும் ரத்தம் எடுப்பது முதல் மணி நேரத்து வேலை இல்லை. ஹெச்.ஐ.வி. சோதனையைச் சம்மதம் இல்லாமல் எந்த நேரத்திலும் செய்யக் கூடாது. டி.பி.க்கு நாலு கேள்வி போதும்: இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா, காய்ச்சல் உண்டா, இரவில் வியர்த்துக் கொட்டுகிறதா, எடை இறங்கியதா? ‘ஆம்’ என்பவருக்கு முகக்கவசம் கொடுத்து, காற்றோட்டமான தனி இடத்தில் வைத்து, சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். ரத்தம் எடுக்க எல்லோரையும் வரிசையில் நிறுத்திவைக்கும் நேரத்தில்தான் உண்மையிலேயே உயிருக்குப் போராடுபவர் வரிசையின் கடைசியில் சரிந்து உட்கார்ந்திருப்பார்.

வந்தவுடன் யாரைத் தேடுவது

இன்றிரவு உயிருக்கு ஆபத்து யாருக்கு என்ற ஒரே கேள்வியோடு வரிசையை ஒருமுறை நடந்து பாருங்கள். பெயர், பதிவு, கைரேகை எல்லாம் பிறகு. அடையாளச் சீட்டு இல்லாதவருக்குச் சிகிச்சை தொடங்க முடியாது என்று எழுதியிருந்தீர்கள். அப்படி ஒன்றும் கிடையாது. ‘நீலச் சட்டை, ஆண், சுமார் 30, நேரம் 4.10’ என்று சீட்டில் எழுதிக் கையில் கட்டிவிட்டுத் தொடங்கலாம்.

வெயிலில் நடந்து வந்தவர் உளறினால், தள்ளாடினால், அது வெப்பத் தாக்கு. பாராசிட்டமால் அதற்கு வேலை செய்யாது. உடையைத் தளர்த்தி, குளிர்ந்த நீரை ஊற்றி, விசிறி, உடம்பை முதலில் குளிரச் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போவதாகச் சொல்பவருக்குத் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம். டிரிப்பும் ஆஸ்பத்திரியும் வேண்டும். உடம்புவலி என்று சொல்கிறாரே என ஐபுரூஃபன் கொடுத்துவிடாதீர்கள், சிறுநீரகம் மேலும் கெடும்.

கடல்வழி வருபவர்களிடம் பலர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. ரப்பர் படகின் அடியில் கொட்டிய பெட்ரோலும் உப்புநீரும் கலந்து தேங்கி நிற்கும். நடுவில் உட்கார வைக்கப்படும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தொடை, பிட்டம், இடுப்பெல்லாம் வெந்துபோகும். வெட்கத்தால் சொல்ல மாட்டார்கள். குளிர்கிறதே என்று ஈர உடைக்கு மேலேயே போர்வையைச் சுற்றிவிட்டால் உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். பெண் பணியாளரை வைத்து, மறைவான இடத்தில் உடையை மாற்றி, நிறையச் சுத்தமான நீரால் கழுவி, அதற்குப் பிறகுதான் போர்வை. குளிரில் நனைந்து மரத்துப்போன பாதத்தைத் தேய்க்கவோ நெருப்பருகே காட்டவோ வேண்டாம். உலர்த்தி, உயர்த்தி வைத்தாலே போதும். உயரமான வேலியிலிருந்து குதித்தவர் குதிகால் வலி என்றால் முதுகெலும்பையும் சந்தேகப்படுங்கள். இரண்டும் சேர்ந்து உடைவது உண்டு.

வயிற்றுப்போக்கால் நீர் வற்றி, கண் குழிந்து, தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்பும் குழந்தைக்கு, கிலோவுக்கு 75 மி.லி. வீதம் நாலு மணி நேரத்தில் ஓ.ஆர்.எஸ். கொடுக்க வேண்டும். பத்துக் கிலோக் குழந்தைக்கு 750 மி.லி. கரண்டியால், நிமிடத்துக்கு ஒரு வாய். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்குங்கள். குடிக்கவே முடியாமல் மயங்கிக் கிடந்தால் டிரிப்தான். எலும்பும் தோலுமான குழந்தைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை மேல்கைச் சுற்றளவை நாடாவால் அளந்து பாருங்கள். 115 மி.மீ.க்குக் குறைந்தால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு. அந்தக் குழந்தைக்குத் தண்ணீரை வேகமாகக் கொடுத்தாலே இதயம் தாங்காது, ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

காய்ச்சல் குழந்தையிடம் தெர்மாமீட்டரைவிட மூச்சு அதிகம் சொல்லும். அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. இவற்றைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு. மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, எதையும் குடிக்காதது, குடித்ததையெல்லாம் கக்குவது, வலிப்பு, எழுப்பினாலும் துவண்டு விழுவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் குழந்தை உங்கள் மையத்தில் இருக்கக் கூடாது. இவை எதுவும் இல்லையென்றாலும் ஒருமுறை பார்த்ததோடு விட்டுவிடக் கூடாது. மாலையில் சாதாரண ஃப்ளூவாக இருந்தது நள்ளிரவில் நிமோனியாவாக மாறியிருக்கலாம். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும் என்று நேரத்தோடு எழுதி, அடுத்த ஷிஃப்ட்டிடம் சொல்லுங்கள். வெள்ளித் தாள் போர்வை உடம்புச் சூட்டைத் திருப்பி அனுப்புமே தவிர, சிமென்ட் தரை உறிஞ்சுவதைத் தடுக்காது. போர்வையைக் கேட்பதற்கு முன் பாயைக் கேளுங்கள். கெட்டியான அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தாலும் பரவாயில்லை. குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து ‘தனி அறையில் கவனிக்கிறோம்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குழந்தை குடிக்கிறதா, துவள்கிறதா என்று இரவு முழுக்கப் பார்த்துச் சொல்லக்கூடியவர் தாய் ஒருவர்தான்.

வாங்கி வைத்த மாத்திரைகள்

அந்த இளைஞருக்கு வலிப்பு வந்ததற்குப் பையிலிருந்த மாத்திரை நின்றதுதான் காரணமா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அப்படி ஆகலாம். இன்சுலின் நின்றால் ஒரே நாளில் உயிருக்கு ஆபத்து வரலாம். ஆஸ்துமா இன்ஹேலர், நீண்ட நாள் ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, இதய மருந்து, ஹெச்.ஐ.வி., டி.பி. மருந்துகள், பழகிப்போன தூக்க மாத்திரை, ஓபியாய்டு வகை வலி மருந்துகள்: இந்தப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி, உடைமைகளை வாங்கும் மேசையில் ஒட்டச் செய்யுங்கள். அந்த மேசையில் இருப்பவர் மருத்துவம் தெரியாதவர். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: மருந்து எதுவாக இருந்தாலும் உடைமைப் பைக்குள் போகக் கூடாது, நர்ஸ் மேசைக்கு வர வேண்டும்.

உங்கள் மேசையில் மருந்தின் பெயர், அளவு, கடைசியாக எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், இன்னும் எத்தனை மிச்சம் என்பதைக் குறியுங்கள். இன்ன மாத்திரை என்று தெரியாவிட்டால் அட்டையைப் படமெடுத்து டாக்டருக்கு அனுப்புங்கள். ஸ்டாக்கிலிருந்து மாற்று மருந்து கையில் வந்த பிறகுதான் பழையதை எடுக்க வேண்டும். இடையில் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. ‘ஃப்ரிட்ஜ் இல்லை, அதனால் இன்சுலின் வைக்க முடியாது’ என்பது சாக்கு. பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான இன்சுலின் 30 டிகிரிக்குக் கீழே சுமார் நாலு வாரம் தாங்கும். தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சூட்டைத் தாண்டும் என்பதால் ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்தாலும் ஆகும். வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினால் அது அவசர நிலை. அதற்கான ஊசி மருந்து உங்கள் அலமாரியில் இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று இன்றைக்கே பாருங்கள்.

பட்டினியும் வயிறார உணவும்

நல்ல மனதோடு கேட்டிருக்கிறீர்கள். ஓரிரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் நடந்து வந்தவருக்கு அது சரிதான், தாராளமாகக் கொடுங்கள். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாதவருக்கு அப்படிக் கொடுத்தால் ஆபத்து. மாவுச்சத்து திடீரென்று உள்ளே போகும்போது ரத்தத்திலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் இழுக்கப்பட்டு அளவு சரியும். அடுத்த சில நாட்களில் கால் வீங்கும், மூச்சு வாங்கும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். நேற்று வந்தபோது நன்றாகச் சாப்பிட்டவர் இன்று சரிந்தார் என்றால் இதை நினைத்துப் பாருங்கள். இப்படிப்பட்டவருக்கு முதலில் தயமின் (வைட்டமின் பி1) மாத்திரை, அதற்கப்புறம் வழக்கமான தேவையில் பாதிக்கு மிகாமல், சின்னச் சின்ன வேளைகளாக உணவு. பத்து நாளுக்கு மேல் பட்டினி என்றால் ஒரு நாளைக்குக் கிலோவுக்குப் பத்து கலோரியில் தொடங்கி ரத்தப் பரிசோதனையோடு ஏற்ற வேண்டும். அது ஆஸ்பத்திரி வேலை. தயமின் தராமல் குளுக்கோஸ் டிரிப் ஏற்றுவதும் கூடாது, மூளையைத் தாக்கும்.

அந்தக் கையெழுத்து

சம்பிரதாயம் இல்லை. ‘ஃபிட்’ என்று எழுதிய தாள் ஒரு மருத்துவச் சான்று. நாளை ஏதாவது நடந்தால், தங்கவைக்க முடிவெடுத்தவரின் பெயர் அதில் இருக்காது, உங்கள் பெயர்தான் இருக்கும். உங்கள் நர்ஸிங் உரிமத்தின்படி அப்படி ஒரு சான்று தர உங்களுக்கு அதிகாரமே இல்லாமலும் இருக்கலாம். பல நாடுகளில் அது டாக்டரின் பொறுப்பு. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கையெழுத்துப் போட மறுத்து முட்டிக்கொள்வது ஒரு வழி. அதைவிட நடைமுறைக்கு ஒத்துவருவது, ஒற்றைச் சொல்லுக்குப் பதில் பார்த்ததை எழுதுவது. ‘இரவு 9.20. காய்ச்சல் 39.1. மூச்சு 38. குடிக்கிறாள். பாராசிட்டமால் கொடுத்தேன். 1 மணிக்கு மறுபரிசோதனை தேவை. தரையில் படுக்கவைக்கக் கூடாது. டாக்டருக்கு 9.30-க்குச் சொன்னேன், அவர் சொன்னது இது.’ படிவத்தில் இடம் இல்லையென்றால் தாளின் பின்பக்கம் இருக்கிறது. இப்படி எழுதிவிட்டால், நிபந்தனையை மீறியவர் யார் என்பதும் தாளிலேயே இருக்கும். நாடுகடத்தும் விமானத்துக்கோ வாகனத்துக்கோ ‘பயணத்துக்கு ஃபிட்’ என்று கேட்டாலும் இதே முறைதான். தட்டம்மைத் தடிப்பு வந்து நாலு நாள் முடியாதவர், நிறைமாதக் கர்ப்பிணி, நேற்று வலிப்பு வந்தவர் இவர்களையெல்லாம் டாக்டர் நேரில் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று எழுதுங்கள்.

‘இவ்வளவுதான் இங்கே முடியும்’ என்று யாராவது சொன்னால் கையில் இரண்டு ஆதாரம் வைத்திருங்கள். மண்டேலா விதிகள் என்று அழைக்கப்படும் 2015-ம் ஆண்டு ஐ.நா. விதிகள், அடைபட்டிருப்பவருக்கு வெளியே பொதுமக்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் மருத்துவம் வேண்டும் என்கின்றன. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 12-ம் பிரிவுக்கு 2000-ல் தரப்பட்ட விளக்கம், ஆவணமில்லாமல் வந்தவருக்கும் மருத்துவத்தை மறுக்கக் கூடாது என்கிறது. இடவசதிக்கு ஸ்பியர் கையேட்டைக் காட்டுங்கள்: ஆளுக்கு மூன்றரைச் சதுர மீட்டர், நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், இருபது பேருக்கு ஒரு கழிப்பறை. அது பேரிடர் முகாம்களுக்கான குறைந்தபட்ச அளவு. ஓர் அரசாங்கக் கட்டடத்தால் அதைக்கூடத் தர முடியவில்லை என்றால் அதிகாரிக்கே சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடம் பயன்படும்.

சிரங்கைப் பற்றி எழுதாமல் விட்டிருக்கிறீர்கள், ஆனால் அந்தக் கட்டடத்தில் அது இல்லாமல் இருக்காது. சொறிபவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மூன்று வாரத்தில் திரும்ப வரும். அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நாளில் பெர்மெத்ரின் களிம்பு, கழுத்திலிருந்து பாதம் வரை, 8 முதல் 12 மணி நேரம். ஒரு வாரம் கழித்து மறுபடியும். துணியைச் சுடுநீரில் துவைக்க வசதியில்லையா, பிளாஸ்டிக் பையில் மூன்று நாளுக்குக் குறையாமல் கட்டிவையுங்கள். ஆறு மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடச் சொல்லி டாக்டரை வற்புறுத்துங்கள். ஒரு குழந்தைக்கு வந்த பிறகு ஓடினால் காலம் கடந்திருக்கும்.

காவலர், மொழிபெயர்ப்பாளர், எக்ஸ்ரே

பரிசோதனை அறைக்குள் காவலர் நிற்கக் கூடாது. சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான இஸ்தான்புல் நெறிமுறை இதைத் தெளிவாகச் சொல்கிறது. பாதுகாப்புக் காரணம் சொன்னால், கண்ணுக்குத் தெரியட்டும், காதுக்குக் கேட்கக் கூடாது: கதவுக்கு வெளியே, கண்ணாடி வழியாக. அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் ‘காவலர் உடனிருந்தார்’ என்று குறிப்பில் எழுதுங்கள். அந்த ஒரு வரிக்காகவே பலர் வெளியே போவார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர் காவலர் முன்னால் ஒருநாளும் வாய் திறக்க மாட்டார். அங்கே நேரம் முக்கியம்: ஹெச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் தர வேண்டும், அவசரக் கருத்தடைக்கு 120 மணி நேரம்வரைதான்.

மொழிபெயர்க்கக் குழந்தையையோ கணவரையோ வைக்காதீர்கள். கூட வந்தவரில் நன்றாகப் பேசுபவரையும் நம்பிவிட முடியாது, அழைத்துவந்த ஆள்கடத்தல்காரராகவே அவர் இருக்கலாம். போன் வழி மொழிபெயர்ப்புச் சேவை கேளுங்கள். தழும்பு, காயம் இருந்தால் உடல்படத்தில் குறித்து, அளந்து, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். உயிருக்கு ஆபத்தோ சித்திரவதை ஆபத்தோ உள்ள நாட்டுக்கு அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று வாதாட அந்தக் குறிப்பு உதவும். முழுக் கதையையும் தோண்டிக் கேட்பது உங்கள் வேலையில்லை. கேட்டு வாங்கியதைக் காவலரிடம் சொல்வது கண்டிப்பாக உங்கள் வேலையில்லை.

மணிக்கட்டு எக்ஸ்ரேயை ஒப்பிடும் அட்லஸ் (வயதுவாரியான படத்தொகுப்பு), 1930-களை ஒட்டிய காலத்து அமெரிக்கக் குழந்தைகளின் படங்களிலிருந்து தயாரானது. பதினாறையும் பதினெட்டையும் அதை வைத்துப் பிரிக்க முடியாது. பிழையே ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பின்னாக இருக்கும். அவன் உடம்புக்கு எந்தப் பயனும் இல்லாத கதிர்வீச்சு அது. சம்மதமும் மருத்துவத் தேவையும் இல்லாமல் நீங்கள் அதில் பங்கெடுக்க வேண்டியதில்லை. சந்தேகம் இருக்கும்வரை அவனைச் சிறுவனாகவே நடத்தச் சொல்லி எழுதுங்கள். பெரியவர்களோடு அடைக்கக் கூடாது.

வழக்கு, வேலை

சிகிச்சை கொடுத்தது ஆள்கடத்தலுக்குத் துணைபோவது ஆகாது. புலம்பெயர்வோரைச் சட்டவிரோதமாக எல்லை கடத்துவதற்கு எதிரான 2000-ம் ஆண்டு ஐ.நா. நெறிமுறை, பணத்துக்கோ வேறு பொருள் ஆதாயத்துக்கோ செய்வதைத்தான் கடத்தல் என்று வரையறுக்கிறது. ஆனால் சில நாடுகளின் உள்நாட்டுச் சட்டம் இதைவிட அகலமானது. வெளியே அழைத்துச் செல்வது, வீட்டில் தங்கவைப்பது, உங்கள் போனைக் கொடுப்பது போன்றவற்றில் இறங்கும் முன் உள்ளூர் வக்கீலைப் பாருங்கள். உங்கள் விசாவும் இந்த வேலையோடு கட்டப்பட்டிருக்கும் என்பதால் ஒப்பந்தத்தின் ரகசியக் காப்புப் பிரிவையும் அவரிடம் காட்டுங்கள். உள்ளே நடப்பதைப் படமெடுத்து சமூக வலைத்தளத்தில் போடுவது வேண்டவே வேண்டாம். உங்கள் வேலை போவது ஒருபக்கம். படத்தில் முகம் தெரிபவரின் குடும்பம் சொந்த ஊரில் மாட்டிக்கொள்ளும். டாக்டருக்கு எழுத்தில், பிறகு நர்ஸிங் கவுன்சிலுக்கு, தடுப்பு இடங்களைப் பார்வையிடும் தேசிய அமைப்பு இருந்தால் அதற்கு, செஞ்சிலுவைச் சங்கத்துக்கு: இந்த வரிசையில் போங்கள். நோயாளியின் பெயர் வேண்டாம். தேதி, நேரம், எண்ணிக்கை போதும்.

வேலையை விடுவதா என்பதில், ஒரு மாதம் பொறுங்கள் என்பேன். மருந்துமேசை, பாய், மறுபரிசோதனை நேரம் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். ஒன்றுகூட நகரவில்லை, பொய்ச் சான்றுக்கு மட்டும் ஆள் வேண்டும் என்று தெரிந்தால் விடுங்கள், அதில் குற்றவுணர்வு தேவையில்லை. போகும் நாளில் ஒப்படைப்புத் தாளில் எந்தப் படுக்கையில் யாருக்கு எந்த மருந்து எத்தனை மணிக்கு, எந்தக் குழந்தையை அடுத்து எப்போது பார்க்க வேண்டும், எந்தக் கர்ப்பிணியின் பரிசோதனை பாக்கி என்று எழுதி, பொறுப்பேற்கும் நர்ஸிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.